கழியும் மாடுகளுக்கு ஈடாக எந்தக் கிடேரியை நிறுத்திக்கொள்வது?

இருபது கறவை மாடுகள் உள்ள மந்தையில் ஆண்டுக்கு நான்கைந்து மாடுகள் கழிந்துபோகின்றன. அவற்றின் இடத்தை நிரப்பச் சொந்தக் கன்றுகளில் எவற்றை நிறுத்திக்கொள்வது, அதிகம் கறக்கும் மாட்டின் கிடேரியை யோசிக்காமல் வைத்துக்கொள்ளலாமா, வெளியிலிருந்து வாங்குவது மேலா, பொலிகாளையை எதை வைத்துத் தேர்வது என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியைக் கன்றுக்கொட்டகையிலிருந்து தொடங்கியிருக்கிறீர்கள். நான் அதைக் கருவூட்டல் நடந்த நாளிலிருந்து தொடங்க விரும்புகிறேன். கிடேரி வளர்ந்து நிற்கும்போது நம் கையில் எஞ்சியிருப்பது தேர்வு அன்று, பெரும்பாலும் கழிப்புதான் என்பதை முதலில் ஒரு சிறு கணக்கால் காட்டிவிடுகிறேன்.

இருபது மாடுகளில் ஓராண்டில் பதினெட்டு கன்று ஈனுவதாகக் கொள்வோம். அவற்றில் ஏறக்குறைய பாதி, அதாவது ஒன்பது, கிடேரிக் கன்றுகள். கழிச்சலிலோ நுரையீரல் அழற்சியிலோ ஒன்று இறக்கும். இன்னொன்று வளர்ந்தும் சினை பிடிக்காமல் நிற்கும். தலையீற்று வரை வந்து சேர்பவை ஏழு. உங்களுக்குத் தேவை ஐந்து. ஆக, ஏழில் இரண்டை விலக்கும் உரிமை மட்டுமே உங்களுக்கு இருக்கிறது. இந்த அளவுள்ள வடிகட்டலால் மந்தையின் தரம் தலைமுறைக்குத் தலைமுறை பெரிதாக உயராது. மோசமானவை நுழையாமல் தடுக்கலாம், அவ்வளவே.

பொலிகாளையின் நிலை வேறு. ஒரு கிடேரியின் மரபில் பாதி அதன் தந்தையிடமிருந்து வருகிறது. கால் பங்கு தாயின் தந்தையிடமிருந்தும், எட்டில் ஒரு பங்கு பாட்டியின் தந்தையிடமிருந்தும் வருகின்றன. கூட்டினால் எட்டில் ஏழு பங்கு, அதாவது 87.5 விழுக்காடு. கடந்த மூன்று தலைமுறைகளில் எந்தெந்தக் காளைகளைப் பயன்படுத்தினீர்களோ அவையே இன்று உங்கள் கொட்டகையில் நிற்கும் மந்தை. ஆகவே, மாற்றுமாடு பற்றிய கவலையில் பெரும்பகுதியைக் காளைக்கே செலவிட வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் நடைமுறையில் பலர் கன்றைச் சுற்றிச் சுற்றி வந்து பார்ப்பார்கள். செயற்கைக் கருவூட்டலுக்கான உறைவிந்துக் குச்சியில் எழுதியிருக்கும் காளை எண்ணைக் குறித்துவைக்க மாட்டார்கள்.

அதிகம் கறக்கும் மாட்டின் மகளைப் பற்றிய கேள்விக்கும் கணக்கிலேயே விடை இருக்கிறது. மாடுகளுக்கிடையே காணப்படும் பால் அளவு வேறுபாட்டில் மரபால் வருவது சுமார் 30 விழுக்காடு; எஞ்சியது தீவனம், ஈன்ற பருவம், நோய், பராமரிப்பு ஆகியவற்றால் வருவது. உங்கள் மந்தைச் சராசரியை விட ஒரு மாடு ஒரு கறவைக் காலத்தில் 1,000 லிட்டர் கூடுதலாகக் கறந்திருந்தால், அதில் 300 லிட்டரை மட்டுமே மரபின் பங்காக எதிர்பார்க்கலாம்; மகளுக்குத் தாய் தருவது தன் மரபில் பாதி என்பதால், மகளிடம் எதிர்பார்க்கத்தக்கது 150 லிட்டர் கூடுதல். அதே மாடு மூன்று கறவைகளில் சராசரியாக 1,000 லிட்டர் கூடுதலாகக் கறந்திருந்தால் நம்பிக்கை கூடுகிறது. மகளிடம் எதிர்பார்க்கத்தக்கது ஏறத்தாழ 225 லிட்டர் ஆகிறது. ஒரு கறவையில் கொட்டித் தீர்த்த மாட்டை விட, நான்கு ஈற்றுகளிலும் சராசரிக்கு மேலே நிதானமாக நின்ற மாட்டின் கன்றை நான் முந்தி எடுத்துக்கொள்வதற்கு இதுவே காரணம்.

ஒப்பிடும்போது ஒரு பிழையைத் தவிர்க்க வேண்டும். தலையீற்று மாடு தன் முழுத்திறனில் முக்கால் பங்குக்குச் சற்றுக் கூடுதலாகவே கறக்கும். மூன்றாம் ஈற்றிலிருந்து ஐந்தாம் ஈற்றுக்குள்தான் உச்சத்தை எட்டும். எனவே தலையீற்றை அதே பருவத்தில் ஈன்ற மற்றத் தலையீற்று மாடுகளோடும், நான்காம் ஈற்றை அதற்கு இணையான ஈற்றுகளோடும் ஒப்பிட வேண்டும். அதேபோல், ஈன்ற முதல் மாதத்தில் ஒரு நாள் கறந்த உச்சப் பாலை வைத்து மாட்டை மதிப்பதும் பிழை. 305 நாள் கறவை என்பது உலகெங்கும் வழக்கில் உள்ள அளவுகோல். நாள்தோறும் எழுத முடியாவிட்டாலும், மாதம் ஒருமுறை காலை மாலைப் பாலை அளந்து குறித்துவந்தால் அந்த மொத்தத்தைப் போதிய துல்லியத்துடன் கணக்கிட்டுவிடலாம்.

எல்லாக் குணங்களும் ஒரே அளவில் மரபுவழி கடத்தப்படுவதில்லை என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். பாலின் கொழுப்பு விழுக்காட்டில் காணப்படும் வேறுபாட்டில் ஏறத்தாழ பாதி மரபால் வருவது. உடல் உயரமும் நன்றாகக் கடத்தப்படும். மடியமைப்பு நடுத்தர அளவில் கடத்தப்படும். சினைப்பிடிப்பிலும் ஈற்று இடைவெளியிலும் மரபின் பங்கு 5 விழுக்காடு அளவே. இதைக் கேட்டதும், இனவிருத்தித் திறனுக்காகத் தேர்வு செய்வதில் பயனில்லை என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. அது பாதி உண்மை. ஒரு தாயின் ஒரு ஈற்று இடைவெளியை வைத்து மகளைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது என்பது உண்மை. ஆனால் ஒரு காளையின் நூற்றுக்கணக்கான மகள்களை ஒன்றாகக் கணக்கிடும்போது தற்செயல்கள் அடங்கி, மரபு வேறுபாடு வெளிப்பட்டுவிடுகிறது. நார்வேயின் சிவப்பு இன மாடுகளில் 1970களிலிருந்தே சினைப்பிடிப்பையும் மடிநோய் எதிர்ப்பையும் தேர்வில் சேர்த்து, ஒவ்வொரு காளைக்கும் பெருந்தொகையான மகள்களின் பதிவுகளைத் திரட்டினார்கள்; அவ்வினம் இன்று அந்தக் குணங்களுக்காகவே நாடப்படுகிறது. அதே காலத்தில் பாலை மட்டுமே முன்னிறுத்தித் தேர்ந்த ஹோல்ஸ்டீன் இனத்தில் சினைப்பிடிப்பு சரிந்தது. பாலுக்கும் சினைப்பிடிப்புக்கும் இடையே மரபளவில் எதிர்மறைத் தொடர்பு இருப்பதால், ஒன்றை மட்டும் இழுத்தால் மற்றது தானே கீழிறங்கும். ஆகவே சினைப்பிடிப்பைக் காளை வழியாகத் தேர்ந்தெடுங்கள். மாட்டின் அளவில் அதைக் கழிப்புக்குரிய காரணமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி காளை. செயற்கைக் கருவூட்டல் செய்பவராக இருந்தால் உங்கள் வேலை பாதி குறைகிறது. காளையின் மதிப்பீட்டில், அதாவது அதன் மகள்களிடம் ஒரு குணம் சராசரியை விட எவ்வளவு கூடும் அல்லது குறையும் என்ற கணிப்பில், இரண்டைப் பாருங்கள்: குணத்தின் அளவு ஒன்று, அந்த மதிப்பீட்டின் நம்பகம் மற்றொன்று. மகள்கள் கறந்து நிரூபித்த காளையின் நம்பகம் 90 விழுக்காட்டைத் தாண்டும். மரபணுச் சோதனையை மட்டும் வைத்து மதிப்பிட்ட இளங்காளைக்கு, பெருந்தொகையாகப் பதிவுகள் உள்ள இனங்களில், பால் அளவைப் பொறுத்த மட்டில் அது 70 விழுக்காட்டை ஒட்டியிருக்கும். பதிவுகள் குறைந்த இனங்களில் இன்னும் குறையும். இளங்காளைகள் புதிய தலைமுறை என்பதால் சராசரியில் மேலானவைதாம். ஆனால் ஒரே ஒரு இளங்காளையை நம்பி மந்தை முழுவதற்கும் கருவூட்டல் ஊசி போடக் கூடாது. மூன்று நான்கு காளைகளைப் பங்கிட்டுப் பயன்படுத்தினால் ஒன்று பொய்த்தாலும் மற்றவை தாங்கும். ஒரு நாட்டின் மதிப்பீட்டு எண்ணை இன்னொரு நாட்டின் எண்ணோடு நேராக வைத்து ஒப்பிடக் கூடாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் தத்தம் அடிப்படைச் சராசரியிலிருந்து அளக்கப்படுவது.

மிகச் சிறந்த காளைக்குள்ளும் கேடு ஒளிந்திருக்கலாம். 1962இல் பிறந்த பானி ஃபார்ம் அர்லிண்டா சீஃப் என்ற ஹோல்ஸ்டீன் காளைக்கு 16,000 மகள்கள்; பால் உற்பத்தியை உயர்த்தியதில் அதற்கு இணையான காளைகள் மிகச் சிலவே. அதன் வழிவந்த மரபு அமெரிக்க ஹோல்ஸ்டீன் இனத்தில் 14 விழுக்காட்டளவுக்குப் பரவிய பிறகுதான், கருவைக் கொல்லும் ஒரு மரபணுக் குறையையும் அது சுமந்திருந்தது தெரியவந்தது. அந்தக் குறையைச் சுமக்கும் காளையும் சுமக்கும் பசுவும் சேரும்போது நான்கில் ஒரு கரு இறக்கிறது. உலகெங்கும் ஐந்து லட்சம் கருச்சிதைவுகள் இதனால் நேர்ந்திருக்கலாம் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். இன்று அதற்குச் சோதனை உண்டு. காளைப் பட்டியல்களில் சுமப்பது, சுமக்காதது என்று குறியீடு இருக்கும். சுமக்கும் காளையை ஒதுக்கித் தள்ள வேண்டியதில்லை. சுமக்கும் காளையின் மகளுக்கு மற்றொரு சுமக்கும் காளையைச் சேர்க்காமல் இருந்தால் போதும். அதற்கு மகளின் தந்தை யாரென்பது எழுதி வைக்கப்பட்டிருக்க வேண்டும்.

நெருங்கிய உறவுக் கலப்பைத் தவிர்க்கவும் அதே பதிவுதான் வேண்டும். தந்தைக்கும் மகளுக்கும் பிறக்கும் கன்றில் உறவுக்கலப்பு அளவு 25 விழுக்காடு. ஒரே தந்தைக்குப் பிறந்தவற்றின் சேர்க்கையில் 12.5, முழு உடன்பிறப்புகளின் பிள்ளைகளுக்கிடையே 6.25. இந்தக் கடைசி அளவைத் தாண்டாமல் இருப்பது நல்லது. கொட்டகையிலேயே காளை வளர்ப்பவர்கள் எளிதாக மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு: காளை வந்த முதல் மாதத்திலேயே சினையான பசு ஒன்பதரை மாதத்தில் ஈனும், அந்தக் கிடேரி பதினைந்து மாதத்தில் பருவத்துக்கு வந்து நிற்கும். ஆக, இரண்டாண்டுகள் முடியும்போது காளையின் முன்னால் அதன் சொந்த மகளே நிற்கிறாள். அந்த மகள்களை இனச்சேர்க்கைக்குத் தனியே பிரிக்க முடியாவிட்டால், இரண்டாண்டுக்கு மேல் ஒரே காளையை மந்தையில் விடக் கூடாது.

சொந்தக் காளையை வைத்திருப்பவர் அதன் விந்துத் திறனையும் கால்நடை மருத்துவரைக் கொண்டு சோதிக்க வேண்டும். விரையின் சுற்றளவு எளிய, ஆனால் நம்பத்தக்க அளவு. ஐரோப்பிய இனங்களில் 12 முதல் 15 மாதத்தில் குறைந்தது 30 செ.மீ., இரண்டு வயதுக்கு மேல் 34 செ.மீ. இருக்க வேண்டும். திமில் உள்ள இனங்கள் தாமதமாகப் பருவமடைவதால் அதே வயதில் அளவு குறைந்திருக்கும். விரைச் சுற்றளவு கூடிய காளையின் மகள்கள் சீக்கிரம் பருவமடையும் போக்கும் உண்டு. விந்தணு உருவாக ஏறத்தாழ இரண்டு மாதங்கள் ஆகும் என்பதால், இன்று காய்ச்சலில் படுத்தெழுந்த காளை இரண்டு மாதம் வரை சினைப்படுத்தத் தவறக்கூடும். காளை நலமாகத் தெரிகிறதே என்று பசுக்களைக் குறை சொல்லக் கூடாது.

கன்றுக்கொட்டகைக்கு இப்போது வருவோம். முதலில் விலக்க வேண்டியது, காளைக்கன்றோடு இரட்டையாகப் பிறந்த கிடேரி. கருப்பையில் இரண்டின் இரத்த ஓட்டமும் கலந்துவிடுவதால் பெண் கன்றின் இனப்பெருக்க உறுப்புகள் வளர்ச்சி குன்றுகின்றன. இத்தகையவற்றில் பத்தில் ஒன்பதுக்கு மேல் மலடு. எவ்வளவு அழகாக இருந்தாலும் சோதனை செய்யாமல் வளர்க்க வேண்டாம். அடுத்து, பிறந்த சில மணி நேரத்துக்குள் போதிய சீம்பால் குடிக்காத கன்று. உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு என்பது நல்ல அளவு. குடல் சீம்பாலின் எதிர்ப்புப் புரதங்களை உட்கிரகிக்கும் ஆற்றல் முதல் நாளோடு முடிந்துபோகிறது. கன்றுப் பருவத்தில் கடுமையான நுரையீரல் அழற்சியில் விழுந்து எழுந்த கிடேரி பின்னாளில் தேறிவிட்டதாகத் தோன்றினாலும் கறவையில் பின்தங்குவது வழக்கம். ஆகவே கன்றின் நோய்க்குறிப்பு அதன் தோற்றத்தை விட எனக்கு முக்கியமானது.

தோற்றம் என்று வரும்போது கண் எளிதில் ஏமாறும். பளபளவென்று கொழுத்து நிற்கும் கிடேரியை எல்லோரும் கைகாட்டுவார்கள். நானும் ஒருமுறை, கொட்டகையில் எல்லாவற்றையும் விடக் கொழுத்து உருண்டு நின்ற ஒன்றை, தாயின் கறவைப் பதிவு சுமார் என்று தெரிந்தும், நிறுத்திக்கொண்டேன். ஈன்ற பிறகு அதன் மடி என்னை நாணச் செய்தது. பருவமடைவதற்கு முன், ஏறத்தாழ மூன்று மாதம் முதல் ஒன்பது மாதம் வரை, மடியின் பால் சுரக்கும் திசு உடலை விட வேகமாக வளர்கிறது. அந்த நாட்களில் மிகுதியாகத் தீவனமிட்டுக் கொழுக்க வைத்தால் மடியில் கொழுப்புச் சேர்ந்து பால் திசுவின் வளர்ச்சி குறையக்கூடும். மெலிந்து நிற்பதும் தவறே, பருவமடைதல் தள்ளிப்போகும். சீரான வளர்ச்சி வேண்டும். மார்புச் சுற்றளவு நாடாவால் மாதம் ஒருமுறை அளந்து, எடையை எழுதிவந்தால் கண்ணை நம்ப வேண்டியதில்லை.

முதல் கருவூட்டலுக்கு வயதை விட எடையே அளவுகோல். உங்கள் மந்தையில் முதிர்ந்த பசு 500 கிலோ என்றால், கிடேரி 300 கிலோவை எட்டும்போது, அதாவது 60 விழுக்காட்டில், கருவூட்டலாம். ஈன்ற பிறகு 410 முதல் 425 கிலோ இருக்க வேண்டும். நல்ல தீவனத்தில் ஹோல்ஸ்டீன், ஜெர்சி இனங்கள் 24 மாதத்தில் ஈனும். திமில் உள்ள இனங்களில் மூன்று வயதும் அதற்கு மேலும் ஆகும். ஒரே காலத்தில் பிறந்த, ஒரே தீவனம் தின்ற கிடேரிகளுள் முதலில் பருவத்துக்கு வந்து, முதல் இரண்டு ஊசிகளில் சினை பிடிப்பவை பின்னாளிலும் மந்தையில் நீண்டகாலம் நிற்கின்றன. அதனால் நான் இறுதித் தெரிவை இந்தக் கட்டம் வரை தள்ளிப்போடச் சொல்வேன்: தேவைக்கு மேல் ஒன்றிரண்டு கிடேரிகளைக் கூடுதலாக வளர்த்து, எடை எட்டியதும் எல்லாவற்றுக்கும் ஒரே காலத்தில் கருவூட்டி, மூன்று ஊசிக்கும் பிடிக்காததை விலக்குங்கள். தலையீற்றுக்குக் கன்று எளிதாகப் பிறக்கும் என்று மதிப்பிடப்பட்ட காளையைத் தேர்வது இன்றியமையாதது. இடுப்பெலும்புக்குப் பெரிதான கன்றால் முதல் ஈற்றிலேயே நல்ல கிடேரியை இழந்தவர்கள் பலர்.

மடியைக் கிடேரியில் பார்க்க முடியாது. அதன் தாயில் பாருங்கள், அதுவும் மூன்றாம் ஈற்றுக்குப் பிறகு. மடியின் அடித்தளம் பின்கால் முட்டிக்கு மேலே நிற்கிறதா, நடுவில் தாங்கும் தசைநார் ஆழமான பிளவாகத் தெரிகிறதா, முன்மடி வயிற்றோடு இறுக ஒட்டியிருக்கிறதா, காம்புகள் நேர்கீழாகத் தொங்குகின்றனவா என்பவை போதும். தொங்கிய மடி அழுக்கில் உரசும், மிதிபடும், மடிநோய்க்கு வாசல் திறக்கும். கிடேரியில் நான்கு காம்புகளும் சீரான இடைவெளியில் இருக்கின்றனவா, கூடுதல் காம்பு உண்டா என்று பார்த்தால் போதும். கூடுதல் காம்பைக் கன்றிலேயே மருத்துவர் நீக்கிவிடுவார். வயிற்றடியில் ஓடும் பால் நரம்பின் பருமனை வைத்துச் சோதிடம் சொல்வோரை நான் பெரிதாக நம்புவதில்லை. நிறத்துக்கும் கொம்பின் வளைவுக்கும் பாலோடு தொடர்பில்லை. பின்னங்கால்களைப் பின்னாலிருந்து நடக்கவிட்டுப் பாருங்கள். குளம்பு சரியாகப் பதியாத மாடு தீவனத் தொட்டிக்கு நடக்கத் தயங்கும். தின்னாத மாடு கறக்காது.

கலப்பின மந்தையாக இருந்தால் இன்னொரு பேச்சு உண்டு. முதல் தலைமுறைக் கலப்பினக் கிடேரியின் வீரியத்தைப் பார்த்து, அதற்கு இணையான கலப்பினக் காளையையே சேர்த்தால், இனங்கள் கலப்பதால் கிடைக்கும் கூடுதல் வலுவான கலப்பு வீரியத்தில் பாதி அடுத்த தலைமுறையில் கரைந்துவிடும். இரண்டு தூய இனக் காளைகளை மாறி மாறிப் பயன்படுத்தினால் காலப்போக்கில் மூன்றில் இரண்டு பங்கும், மூன்று இனங்களைச் சுழற்றினால் 86 விழுக்காடும் நிலைக்கும்.

வெளியிலிருந்து வாங்குவதைக் கடைசியாக வைத்ததற்குக் காரணம், அதை நான் கடைசி வழியாகக் கருதுவதே. மரபு உறைவிந்தில் வந்துவிடுகிறது. மாடு வரும்போது அதனோடு நோயும் வரலாம். கருச்சிதைவை உண்டாக்கும் தொற்றுநோயான புருசெல்லோசிஸ் உள்ள தாய்க்குப் பிறந்த கிடேரிகளில் சில, முதல் சினை முதிரும் வரை இரத்தச் சோதனையில் நோயற்றவையாகவே காட்டி, ஈனும்போதோ கன்று வீசும்போதோ கிருமியைக் கொட்டிவிடும். ஜோனிஸ் என்னும் தீராத குடல் நோய் கன்றுப் பருவத்தில் தொற்றி ஆண்டுகள் கழித்தே வெளிப்படும். மாடுகளுக்குக் கழிச்சல் நோய் தரும் பி.வி.டி. வைரஸ் சினையின் முதல் நான்கு மாதங்களில் தாயைத் தாக்கினால், பிறக்கும் கன்று வாழ்நாள் முழுவதும் நலமுள்ளதுபோல் நின்றுகொண்டே வைரஸைப் பரப்பக்கூடும். எனவே வாங்க நேர்ந்தால் ஒரு மாட்டின் சோதனை முடிவை மட்டும் நம்பாமல், அது வந்த மந்தை முழுவதன் சோதனை வரலாற்றைக் கேளுங்கள். காசநோய்ச் சோதனையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாங்கிய மாட்டைக் குறைந்தது ஒரு மாதம் தனிக்கொட்டகையில், தனி வாளியில் வைத்திருங்கள். சினைக்கிடேரியாக இருந்தால் ஈன்று மறுசோதனை முடியும் வரை மந்தையோடு சேர்க்காதீர்கள்.

வாங்காமலே தேர்வின் வீச்சைக் கூட்ட ஒரு வழி இருக்கிறது. பாலினம் பிரித்த விந்தில் பத்தில் ஒன்பது கன்றுகள் கிடேரியாகப் பிறக்கும். சினைப்பிடிப்பு சற்றுக் குறையும் என்பதால் அதை நலமாக உள்ள கிடேரிகளுக்கும் மந்தையின் மேல்வரிசை மாடுகளுக்கும் மட்டும் பயன்படுத்தலாம். உங்கள் இருபதில், ஒன்றுக்கு மேற்பட்ட கறவைகளின் பதிவோடும் ஒழுங்கான ஈற்று இடைவெளியோடும் நிற்கும் எட்டு மாடுகளைப் பிரித்து, அவற்றோடு சினைக்கு வரும் கிடேரிகளையும் சேர்த்து அந்த விந்தைப் போட்டால், தேவையான கிடேரிகள் அனைத்தும் அந்தக் கூட்டத்திலிருந்தே கிடைத்துவிடும். மற்றப் பன்னிரண்டின் கன்றுகளை நிறுத்துவதா என்ற கேள்வியே எழாது. நீங்கள் குறிப்பிட்ட அந்த அதிகம் கறக்கும் மாடு இந்த எட்டில் இடம்பெறுமா என்பதை அதன் ஒரு கறவையைக் கொண்டு தீர்மானிக்க வேண்டாம். இரண்டாம் ஈற்றையும் எழுதி முடித்த பிறகு பாருங்கள். இப்போது பிறந்திருக்கும் அதன் கிடேரியை வளர்த்துக்கொண்டே வரலாம்; அதன் தந்தையின் எண் உங்களிடம் இருக்கிறதா என்று மட்டும் இன்றே தேடிப் பாருங்கள்.